நோயுற்ற நாயும் கைப்பேசிப் படமும்



கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைமேல் ஏறுகிறவர்கள், மரவள்ளித் தோட்டங்களையும் அவற்றின் ஓரத்தில் படுத்துக் கிடக்கும் நாய்களையும் கண்டிருப்பார்கள். நள்ளிரவில் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது அந்த நாய்தான். மலைக் குடும்பத்தில் நாய் ஒரு காவலாள். கீழே கள்ளக்குறிச்சி நகரிலோ, அது பிள்ளைகளோடு விளையாடும் செல்லமாக வளர்கிறது. காவலாளானாலும் செல்லமானாலும் நோய் வந்துவிட்டால் வீடு முழுவதும் வாடிப்போகிறது. இதை நாம் எத்தனையோ இல்லங்களில் கண்டிருக்கிறோம்.

அண்மையில் அடிவாரக் கிராமத்து இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவர் வளர்க்கும் பெண் நாயின் மடியில் ஒரு கட்டி. மருத்துவர் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று கூறிவிட்டாராம். அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் தம் கைப்பேசியில் அந்நாயைப் படம்பிடித்து வருகிறார். "சாமி, இதையெல்லாம் சேர்த்து ஓர் ஆவணப்படமாக ஆக்கலாமென்று இருக்கிறேன். ஊரில் சிரிக்கிறார்கள். மனுசனுக்கே படமெடுக்க ஆளில்லை, நாய்க்குப் படமா என்கிறார்கள். செய்யலாமா, கூடாதா?" என்று கேட்டார். "செய்யலாம், தம்பி. ஆனால் எதற்காகச் செய்கிறாய் என்பதை முதலில் யோசித்துக்கொள்" என்றோம். சுருக்கமாகச் சொன்ன அந்த மறுமொழியைச் சற்று விரித்துரைப்பது எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று எண்ணி, இம்மாதம் இதனை எழுதுகிறோம்.

நாய்க்கு நினைவுச் சின்னமா என்று நகைப்பவர்கள் நம் அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலைப் பக்கம் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும். அங்குள்ள எடுத்தனூரில் ஒரு நடுகல் கண்டெடுக்கப்பட்டது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்டது அது. கருந்தேவகத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கும் பூசலில் வீழ்ந்தான். அவன் உருவத்தின் அருகிலேயே ஒரு நாயின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பதையும் எழுத்திலேயே பொறித்துவைத்தார்கள். ஏறத்தாழ 1400 ஆண்டுகள் கடந்தும் அந்த நாயின் பெயரை இன்று நாம் சொல்ல முடிகிறது.

அந்தக் கல்லில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அதை நட்டவர்கள் தங்கள் துயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நாயின் பெயர் என்ன, அது யாருடன் இருந்தது, என்ன செய்தது என்பவற்றையே எழுதினார்கள். ஆவணம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

நமது விவிலியத்திலும் இப்படி ஒரு நாய் உண்டு. தோபித்து நூலில் இளைஞர் தோபியா வானதூதருடன் பயணம் புறப்படும்போது நாயும் கூடவே புறப்படுகிறது. அவர்கள் வீடு திரும்பும்போது அதுவும் பின்னால் வருகிறது. அதற்குப் பெயர் தரப்படவில்லை, அது ஒன்றும் செய்ததாகவும் இல்லை. போகும்போதும் வரும்போதும் உடன் இருந்தது என்பது மட்டும் மறவாமல் எழுதப்பட்டிருக்கிறது.

இக்காலத்தில் கல்லுக்குப் பதிலாகக் கைப்பேசி வந்திருக்கிறது. அந்த இளைஞர் செய்ய விரும்புவதை வெளிநாட்டில் முன்னரே செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் புகைப்படக் கலைஞர் பென் மூன் என்பவருக்கு 2004ஆம் ஆண்டில், 29 வயதிலேயே, பெருங்குடல் பகுதியில் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக் காலம் முழுவதும் டெனாலி என்னும் அவருடைய நாய் அவரை விட்டு அகலவில்லை. மருத்துவமனைக் கட்டிலிலும் அவர் அருகே படுத்திருந்தது. அவர் பிழைத்தெழுந்தார். சுமார் பத்தாண்டுகளுக்குப் பின் அதே நோய்க்குடும்பத்தைச் சேர்ந்த நோய் டெனாலிக்கு வந்தது. இம்முறை அருகில் அமர்ந்திருந்தவர் அவர். அந்த நாயின் கடைசி நாட்களை வைத்து அவருடைய நண்பர் பென் நைட் இயக்கிய 'டெனாலி' என்னும் குறும்படம் 2015இல் வெளிவந்தது. எட்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் அப்படத்தை உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் கண்டனர். நாயே தன் தலைவனைப் பற்றிப் பேசுவதுபோல் அதில் கதை சொல்லப்படுகிறது. ஒருவருக்கொருவர் காட்டிய நன்றியே அந்தச் சிறுபடத்தின் பொருள்.

அதே 2015இல் லாரி ஆண்டர்சன் என்னும் இசைக் கலைஞர் 'ஹார்ட் ஆஃப் எ டாக்' என்ற ஆவணப்படத்தை வெளியிட்டார். அது வெனிஸ் திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது. லோலாபெல் என்பது அவருடைய சிறு நாயின் பெயர். முதுமையில் அதற்குக் கண்பார்வை போயிற்று. இருளில் அஞ்சி நின்ற அந்நாய்க்கு இசைப்பலகையின் கட்டைகளைக் காலால் அழுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். அதன்பின் புற்றுநோயும் வந்தது. ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது, அவர் அதை வீட்டுக்கு எடுத்துவந்து இறுதி மூச்சுவரை உடனிருந்தார். அவர் பௌத்த நெறியில் ஈடுபாடு உடையவர். மரணத்துக்குப் பின் நிகழ்வது பற்றி அவர் கூறுவனவற்றை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் அப்படத்தில் நாம் கற்றுக்கொள்ளத்தக்க ஓர் இடம் இருக்கிறது.

அவர் சிறுமியாக இருந்தபோது நீச்சல் குளத்தில் உயரத்திலிருந்து குதிக்கையில் குளத்தைத் தவறவிட்டுத் தரையில் விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். மருத்துவமனையில் தீக்காயம்பட்ட குழந்தைகளின் பகுதியில் வாரக்கணக்கில் கிடந்தார். பின்னாளில் அந்தக் கதையைப் பலருக்கும் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு நாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அதில் ஒன்று விடுபட்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. இரவுகளில் அந்தக் குழந்தைகள் வலியால் அழுத ஒலியும், சிலர் இறந்துபோனதும் அவருடைய கதையில் இல்லை. தம் துன்பத்தைச் சொல்லிச் சொல்லி, பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்களின் துன்பத்தை மறந்திருந்தார். நாய்க்காக எடுத்த படத்திலேயே இதை அவர் வெளிப்படையாகச் சொல்கிறார்.

படமெடுக்கிற ஒவ்வொருவருக்கும் இந்த ஆபத்து உண்டு. நாயின் நோயைக் காட்டத் தொடங்கி, முடிவில் நம் கண்ணீரையே காட்டிக்கொண்டிருப்போம். கருவியைத் திருப்பித் தம் முகத்துக்கு நேரே பிடித்து அழுகிற வழக்கம் இன்று மிகுந்துவிட்டது. எடுத்தனூர்க் கல்லை நட்டவர்கள் அவ்வாறு செய்யவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

2022இல் தமிழிலும் வெளியிடப்பட்ட '777 சார்லி' என்னும் கன்னடத் திரைப்படத்தை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். புற்றுநோய் கண்ட ஒரு நாயும் அதன் தலைவனும் பனிமலை காணச் செல்லும் கதை அது. கதைப்படத்தில் நாய்க்கு நோய் இருப்பதாக நடிக்க வைக்கிறார்கள். காட்சி சரியாக அமையாவிட்டால் மீண்டும் எடுக்கிறார்கள். ஆவணப்படத்தில் நாய் உண்மையாகவே நோயுற்றிருக்கிறது. ஆதலால் படத்துக்காக அதை எழுப்பி நிறுத்துவதோ, ஓடச் சொல்வதோ, வலிக்கிற இடத்தைத் தொட்டு அது முனகுவதைப் பதிவு செய்வதோ கூடாது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்று 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2418ஆம் எண்ணில் கூறுகிறது.

இனி, படமெடுக்கிறவர் அறிந்திருக்க வேண்டிய மருத்துவச் செய்திகள் சிலவற்றைக் கூறுவோம். நோயை அறியாமல் எடுக்கும் படம் காண்பவருக்கு அச்சத்தையே தரும்.

நாய்க்கு வரும் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களுக்கு மடியில் கட்டி வருவது மிகுதி. இளம் வயதிலேயே கருத்தடை செய்துவிட்டால் அந்த ஆபத்து பெரிதும் குறைகிறது. கட்டி சிறிதாக இருக்கும்போதே அறுத்து அகற்றினால் பல நாய்கள் நன்கு வாழ்கின்றன. வளர்ந்துகொண்டே போகும் கட்டி, ஆறாத புண், காரணமில்லாத மெலிவு, நீங்காத நொண்டல், இரத்தக் கசிவு ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அடையாளங்கள். கட்டியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி எடுக்கும் துளியை நுண்ணோக்கியில் பார்த்தும், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று ஊடுகதிர்ப் படம் எடுத்தும் நோயின் நிலையை அறிகிறார்கள்.

தெருவில் திரியும் நாய்களிடையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இனச்சேர்க்கையால் தொற்றும் ஒருவகைப் புற்றுக் கட்டியும் நம் நாட்டில் மிகுதி. அது மனிதருக்குத் தொற்றாது. பார்க்க அருவருப்பாக இருப்பதால் அந்நாய்களைக் கல்லால் அடித்து விரட்டுகிறார்கள். ஆனால் புற்றுநோய்களுள் எளிதில் குணமாகக்கூடியவற்றில் அதுவும் ஒன்று. வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் ஊசியில் செலுத்தினால் பெரும்பாலான நாய்கள் முற்றிலும் தேறிவிடுகின்றன.

இந்த மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் கல்லறைத் தோட்டங்களில் யாரும் நீர் ஊற்றாமலே வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான். சுடுகாட்டு மல்லி என்று நம் மக்கள் ஒதுக்கிவைத்த செடி அது. 1958இல் கனடா நாட்டில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் இருவர் அச்செடியிலிருந்து புற்றுநோய்க்கு எதிரான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின் 1963 முதல் மனிதருக்கும், சிறப்பாக இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கும் கொடுக்கப்பட்டு வருகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அச்செடி நஞ்சுடையது. இலையை அரைத்து நாய்க்கோ மனிதருக்கோ கொடுத்துவிடாதீர்கள். மருந்தைக்கூட இரத்தக் குழாய்க்கு வெளியே கசியாமல் பயிற்சி பெற்றவரே செலுத்த வேண்டும். ஊசி போட்ட சில நாட்களுக்கு அந்நாயின் கழிவுகளைக் கையுறையின்றித் தொடலாகாது. மனிதர் விழுங்கும் வலி மாத்திரைகளையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். அவற்றுள் சில அதன் உயிருக்கே கேடு விளைப்பவை.

சிகிச்சைக்கு முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையை நாடுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில், 1903இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது. போகுமுன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது குணமாகுமா? குணமாக்கும் முயற்சியில் நாய்க்கு எவ்வளவு துன்பம்? எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு செலவாகும்?

மூன்றாவது கேள்வியைக் கேட்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நாம் மேலே குறிப்பிட்ட அதே மறைக்கல்விப் பகுதி, விலங்குகளை நேசிப்பது தகும் என்று சொல்லிவிட்டு, மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை அவற்றுக்காகச் செலவிடுவது தகாது என்றும் சொல்கிறது. மரவள்ளி விற்ற பணம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று வைத்திருக்கும் குடும்பம், நாயின் வலியைத் தணிக்கும் மருந்தோடு நிறுத்திக்கொண்டால் அதில் குற்றமில்லை. நகையை அடகு வைத்துச் சென்னைக்குப் போகாததால் அன்பு குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

படத்திலும் இதை மறைக்காமல் சொல்லுங்கள். கட்டியைக் கண்டும் எத்தனை நாள் காத்திருந்தீர்கள், பேருந்தில் நாயை ஏற்ற மறுத்தபோது என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவாயிற்று, எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்பனவெல்லாம் அதில் வரட்டும். இவற்றை வெட்டியெறிந்துவிட்டு, நாய் முகத்தை நக்கும் காட்சியையும் சோக இசையையும் மட்டும் வைத்தால் அழகாக இருக்கும். ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இராது.

எடுக்கும் முறை பற்றியும் நாலு வார்த்தை. நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுக்காமல், தரையில் அமர்ந்து நாயின் கண் மட்டத்தில் கருவியைப் பிடியுங்கள். ஒளிவிளக்கை அதன் கண்ணில் அடிக்காதீர்கள். நாள்தோறும் சிறிது நேரம், ஒரே இடத்தில் வைத்து, தேதி சொல்லி எடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் எவ்வளவு குறைந்தது, படியேற எவ்வளவு நேரமாயிற்று, மூச்சு எப்படி ஒலித்தது என்பன போன்ற சிறு செய்திகளே பின்னர் நோயின் போக்கைச் சொல்லும். அவற்றை மருத்துவரிடம் காட்டினால் அவருக்கும் உதவியாக இருக்கும். மருத்துவரையும் அங்குள்ளவர்களையும் கேளாமல் படமெடுக்காதீர்கள். பதிவுகளை வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். முதுமலைக் காட்டில் தாயற்ற யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பற்றி கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்து, 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற ஆவணப்படம் சுமார் 40 நிமிடமே ஓடுகிறது. அதற்காக அவர் எடுத்ததோ ஏறத்தாழ 450 மணி நேரப் பதிவு. ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்ததன் பலன் அது.

பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருத்தல் என்றோமே, இந்த முயற்சி முழுவதிலும் உள்ள நன்மை அதுதான் என்பது நம் கருத்து. நோயுற்ற ஓர் உயிரை அன்றாடம் உற்றுப் பார்க்கிறவன், பார்ப்பதோடு நிற்க மாட்டான். ஈ மொய்த்தால் ஓட்டுவான், கோணி நனைந்தால் மாற்றுவான். கை தேவைப்படும் நேரத்தில் கருவியைக் கீழே வைத்துவிடுவான். அதனால் சில காட்சிகள் தவறிப்போகும். போகட்டும்.

இப்படிப் பார்க்கப் பழகிய கண், வீட்டிலுள்ள மனிதரையும் பார்க்க வேண்டும். இதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினோம். நாயின் மடியிலுள்ள கட்டியைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் தாய் தன் மார்பிலுள்ள கட்டியை வெட்கத்தால் மறைத்துக்கொண்டு, அடுப்பு வேலையையும் களையெடுப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அறுவடை முடியட்டும், மகளின் திருமணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறாள். உள்ளறையில் படுத்திருக்கும் பாட்டியின் மூச்சு எப்படி ஒலிக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. நாய்க்குப் படமெடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இந்தப் பாட்டியின் அருகில் போய் அமர்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. ஆகவே சிரிப்பதை விட்டுவிட்டு, அந்த இளைஞரைப் போல ஒரு நாளைக்குக் கால் மணி நேரமாவது நோயாளியின் அருகில் அமரக் கற்றுக்கொள்வோம். மார்பில் கட்டி தென்பட்டால் தாய்மார்கள் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே இருக்கிறது. கணவன்மாரே, மகன்மாரே, நீங்களே கேட்டு, நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

இறுதி நாள் பற்றி ஒரு சொல். நாயின் வலி தீராது, மருந்து கேட்காது என்னும் நிலையில், மருத்துவரின் கையால் அமைதியாக அதன் உயிர் பிரியச் செய்வது பாவமா என்று சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். மனித உயிரைப் பற்றி நம் திருச்சபை கற்பிப்பதை விலங்குக்கு அப்படியே பொருத்த வேண்டியதில்லை. விலங்குகள் நம் பொறுப்பில் விடப்பட்டவை. தீராத வேதனையை இரக்கத்தோடு முடித்துவைப்பது அந்தப் பொறுப்புக்கு மாறானதன்று. லோலாபெல்லின் தலைவியைப் போல வீட்டில் வைத்து உடனிருப்பதும் தகும், வலியைத் தணிக்க வழி இருக்குமானால். எதைத் தேர்ந்தாலும் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஊருக்கு அனுப்பிவிட்டோம், ஓடிப்போய்விட்டது என்று பொய் கூறாதீர்கள். சாவைப் பற்றி ஒரு குழந்தை முதன்முதலில் அறிந்துகொள்வது பெரும்பாலும் ஒரு நாயிடமிருந்துதான். அது பொய்யோடு தொடங்கலாகாது.

அந்த நேரத்தில் கைப்பேசியை அணைத்துவிடுங்கள். அதுவரை எடுத்தவை போதும். நாயின் தலையை மடியில் வைத்துக்கொள்ள இரண்டு கைகளும் வேண்டும். பின்னர் ஒரு நாள், மனம் ஆறியபின், எடுத்தவற்றைத் தொகுத்து ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிப் போட்டுக் காட்டுங்கள். படத்தின் தொடக்கத்தில் அந்த நாயின் பெயரையும், அது எந்தத் தோட்டத்தை எத்தனை ஆண்டு காத்தது என்பதையும் எழுத மறவாதீர்கள்.

உங்கள் இல்லங்களில் நோயுற்றோர் அனைவரையும் இறைவன் காத்தருள்வாராக.